எண்ணூர்ப் படகோட்டியின் முகம்

அங்கமுத்துவை அரியலூர்க் கடைத்தெருவில் தெரியாதவர்கள் இல்லை. செல்லக்கண்ணுவின் கண்ணாடிக் கடையில் சாமி படங்களுக்குச் சட்டம் அடிப்பவன் என்று சொல்வார்கள். அதுவும் புரியாவிட்டால், "அதான், அம்மை வார்த்த மூஞ்சிக்காரன்" என்பார்கள். உடனே புரிந்துவிடும்.

உடையார்பாளையத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்தவன். சின்ன வயதில் பெரியம்மை கண்டது. அவனுக்கு இறங்கும் நேரத்தில் அம்மாவுக்கு ஏறியது. அம்மா போய்விட்டாள், இவன் பிழைத்துக்கொண்டான். நெற்றி, கன்னம், மூக்கு நுனி என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் குழி குழியாகத் தழும்பு. அடுத்த வருஷம் அப்பா மலேயாவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குக் கப்பலேறினார். போகிற வழியில் மகனைச் செல்லக்கண்ணுவிடம் விட்டுவிட்டுப் போனார். ஊருக்குத் திரும்புகிறவர்கள் மூலமாகச் சில வருஷம் செய்தி வந்துகொண்டிருந்தது. மலேயாவை ஜப்பான்காரன் பிடித்த பிறகு அதுவும் நின்றது.

கடைக்குப் பின்னால் ஓர் அறை அவனுக்கு. பக்கத்து ஓட்டலில் சாப்பாடு. செல்லக்கண்ணு கெட்டவர் இல்லை, ஆனால் பேச்சு குறைவு. "அந்த ரம்பத்தை எடு", "ஆணி தீந்துபோச்சு" என்பதற்கு மேல் அவர் பேச மாட்டார். வாடிக்கைக்காரர்கள் படத்தைக் கொடுத்துவிட்டு, அவன் தோளுக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்துப் பேசிவிட்டுப் போவார்கள். அவனும் குனிந்தபடியே பதில் சொல்லப் பழகிக்கொண்டான். நாளெல்லாம் கண்ணாடி வெட்டுகிறவனுக்குத் தன் முகத்தைப் பார்க்காமல் இருப்பது சுலபமல்ல. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தான். வேலை செய்யும் மேஜை கறுப்பு. அதன்மேல் வெள்ளைத் துணி விரித்துத்தான் கண்ணாடியை வைப்பான். வெள்ளைக்கு மேலே வைத்தால் முகம் தெரியாது.

சட்டத்தின் பின்பக்கம் வைத்து ஆணி அடிக்கப் பழைய காகிதம் வேண்டும். திருச்சியிலிருந்து கட்டுக் கட்டாக வரும். யுத்தம் தொடங்கியதற்கு மறு வருஷம் அப்படி வந்த கட்டில் ஓர் ஆங்கில ஆண்டு மலர் கிடந்தது. வழவழப்பான தாள், முழுப் பக்கத்துக்கு மனித முகங்கள். ஒரு நீதிபதி, வீணையோடு ஒரு பெண், ஒரு கிழட்டுக் கன்னியாஸ்திரி, தலைப்பாகை கட்டிய ஒரு ஜமீன்தார். எல்லாவற்றுக்கும் கீழே ஒரே பெயர். அங்கமுத்து ஐந்தாவது வரை படித்தவன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தான். அருமைநாயகம், சென்னை.

கத்தியால் கிழிக்கப் போனவன் கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டான். அதில் இருந்தது ஒரு சாதாரண ஆள். மேல்சட்டை இல்லை, கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு. முகம் நிறைய அம்மைத் தழும்பு.

ரயில்வே ஸ்டேஷன் கிளார்க் ஒருவர் ராமர் பட்டாபிஷேகப் படத்துக்குச் சட்டம் போட வந்திருந்தார். அங்கமுத்து அந்தப் பக்கத்தை அவரிடம் நீட்டி, கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான்.

"எண்ணூர்ப் படகோட்டின்னு போட்டிருக்கு. எண்ணூர் மெட்ராசுக்குப் பக்கத்துல. ஏன்?"

"சும்மா கேட்டேங்க."

"இந்த அருமைநாயகம் பெரிய ஆளுப்பா. கவர்னரே அவர்கிட்ட போயி உக்காந்து போட்டோ எடுத்துக்குறாராம்."

கவர்னரைப் பற்றி அங்கமுத்துவுக்கு அக்கறை இல்லை. கவர்னரை எடுக்கிறவர் ஏன் ஒரு படகோட்டியை எடுத்தார்? எடுத்ததும் ஏன் தழும்பை மறைக்கவில்லை? மறைக்காமல் விட்டும் அந்த முகம் எப்படி அவ்வளவு நன்றாக இருக்கிறது? மூன்றாவது கேள்விதான் அவனை விடவில்லை. அந்தத் தாள்களை மட்டும் ஆணிக்குக் கொடுக்காமல் அறைக்கு எடுத்துப்போய் வைத்துக்கொண்டான்.

பெரம்பலூரில் பாலசுந்தரம் என்று ஒரு போட்டோக்காரர் இருந்தார். யுத்தத்தில் படம் விழும் கண்ணாடிப் பிளேட்டும் அதைக் கழுவும் மருந்தும் கிடைப்பது கஷ்டமானதும் தொழிலை விட்டுவிட்டு மிலிட்டரி ஆபீஸில் குமாஸ்தா வேலைக்குச் சேர ஏற்பாடு செய்துகொண்டார். கேமராவைக் கொடுக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு, அங்கமுத்து தன் கையிருப்பை எல்லாம் முடிந்துகொண்டு பஸ் ஏறினான். அப்போது பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பு ஒன்றைக் கட்டி, அந்தப் புகையில் ஓட்டினார்கள். மேடு வந்தால் நின்றுவிடும், எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும்.

பாலசுந்தரம் மூட்டை கட்டி முடித்திருந்தார். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, பிளேட்டை எப்படி மாட்டுவது, இருட்டில் எப்படிக் கழுவுவது, வெயிலில் எப்படிப் பிரிண்ட் போடுவது என்று காட்டினார். கேமராவோடு ஒரு நீளமான ரப்பர்க் குழாயும் அதன் முனையில் ஒரு குமிழும் இருந்தன. குமிழை அழுத்தினால் லென்ஸ் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும்.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க" என்றார் கிளம்பும்போது. "உசுரோட இருக்குறவன் இந்தப் பக்கத்துல சுலபமா வர மாட்டான். படம் எடுத்தா ஆயுசு கொறஞ்சிரும்பான். எழவு வூட்டுக்குத்தான் கூப்புடுவாங்க. அதுக்குத் தயாரா இருந்துக்க."

திரும்பும்போது பஸ் தள்ள வேண்டிய மேட்டில் அங்கமுத்து தள்ளவில்லை. கேமராப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக நடந்து ஏறினான். கண்டக்டர் திட்டினார். அவன் காதில் விழவில்லை.

பாலசுந்தரம் சொன்னது சரியாகப் போயிற்று. முதல் சில மாதங்களில் அவனைக் கூப்பிட்டவர்கள் எல்லாம் சாவு வீட்டுக்காரர்கள். செத்தவரைக் குளிப்பாட்டி, புதுத்துணி கட்டி, நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்திருப்பார்கள். சுற்றிலும் அழுகை. அவன் கேமராவை மூடிய கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்ப்பான். அசையாத முகம், மூடிய கண். படம் நன்றாக விழும். அவனுக்கு அந்த வேலை கஷ்டமாகவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. எடுத்து முடித்ததும் எந்த வீட்டிலும் அவனை இரு என்று சொல்ல மாட்டார்கள்.

அறைக்கு வந்தால் அருமைநாயகத்தின் தாள்கள் இருந்தன. சொல்லிக்கொடுக்க யாரும் இல்லாததால் படங்களையே துருவித் துருவிப் பார்த்தான். முதலில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். முகம் காணாமல் போய் வெறும் புள்ளிகளாகத் தெரிந்தது. கை நீட்டும் தூரத்தில் வைத்தால்தான் முகம் முகமாக வந்தது. அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள், நீதிபதியின் இரண்டு கருவிழியிலும் சின்னதாக ஒரு வெள்ளைக் கட்டம் இருப்பதைக் கண்டான். வீணைப் பெண்ணின் கண்ணிலும் அதே கட்டம். அது என்னவென்று யோசித்து யோசித்து, கடைசியில் பிடிபட்டது. அது ஜன்னல். அவர்கள் உட்கார்ந்திருந்த அறையின் ஜன்னல். அவர்களுக்கு இடது கைப்பக்கம், தலைக்குச் சற்று மேலே. மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தான். ஒத்துவந்தது. சென்னைக்குப் போகாமலே அந்த ஸ்டூடியோவுக்குள் நுழைந்துவிட்டது போல இருந்தது. அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று கடைப்பக்கம் எழுந்து போனான். செல்லக்கண்ணு பசை காய்ச்சிக்கொண்டிருந்தார். அவன் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டான்.

அவன் அறைக்கும் ஒரு ஜன்னல் இருந்தது, வடக்குப் பார்த்து. அதன் கீழ்ப்பாதியைக் கோணிப்பையால் மறைத்தான். எதிர்ச்சுவருக்கு வெள்ளையடித்தான். அரியலூரில் சுண்ணாம்புக்கா பஞ்சம்? மூன்று பூச்சு அடித்ததும் சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தது. முக்காலியில் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் நிழல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

செல்லக்கண்ணு எட்டிப் பார்த்தார். "என்னடா, சட்டிக்குப் போட்டோவா?"

"இல்லீங்க, பழகுறேன்."

"சட்டி கூலி குடுக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் வேடிக்கையாகப் பேசி அவன் கேட்டது அன்றுதான்.

சட்டிக்குக் கண் இல்லை. மனித முகம் வேண்டும். ஓட்டல்காரரைக் கேட்டான், சிரித்து மழுப்பினார். பக்கத்துத் தையல்காரரைக் கேட்டான். "எதுக்குப்பா, நல்லாத்தான இருக்கேன்?" என்று பதறினார். அப்புறம் அவன் யாரையும் கேட்கவில்லை. முக்காலியில் தானே உட்கார்ந்தான். தலை இருக்கும் உயரத்துக்கு ஒரு விளக்குமாற்றை நட்டு வைத்து அதைக் குறிபார்த்துக்கொள்வான். பிறகு அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்து, ரப்பர்க் குமிழைக் கையில் வைத்து அழுத்துவான்.

முதல் பிளேட்டைச் சிவப்பு விளக்கடியில் கழுவி, பிரிண்ட் போட்டு, வெளிச்சத்தில் பார்த்தான். வருஷக் கணக்கில் தவிர்த்து வந்த முகம். பக்கத்து வெளிச்சத்தில் ஒவ்வொரு குழியும் ஒரு நிழலோடு நின்றது. அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடைக்குப் போய் மாலை வரை சட்டம் அடித்தான். மறுநாள் எடுத்துப் பார்த்தான். அதற்கடுத்த நாளும் பார்த்தான். கொஞ்சம் கொஞ்சமாக அது தன் முகம் என்பது மறந்து, வெளிச்சம் படும் ஓர் இடமாகத் தெரிய ஆரம்பித்தது. ஜன்னலைப் பார்த்து நேராக உட்கார்ந்தால் குழிகள் ஆழம் குறைந்தன. வெள்ளைச் சுவரை இன்னும் கிட்டத்தில் கொண்டுவர, ஒரு துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி முகத்தருகே வைத்தால் ஏறக்குறைய இல்லாமலே போயின. மிச்சத்தைப் பிளேட்டின் மேல் பென்சிலால் தொட்டுத் தொட்டு மறைக்கலாம். தழும்பை வரவழைக்கவும் போக்கவும் தெரிந்துகொண்டான். நீதிபதியின் வெளிச்சம், ஜமீன்தாரின் வெளிச்சம், கன்னியாஸ்திரியின் வெளிச்சம், எல்லாவற்றையும் தன் முகத்தில் கொண்டுவந்து பார்த்தான். ஒவ்வொன்றும் வந்தது.

படகோட்டி மட்டும் வரவில்லை.

ஜன்னல் சரியாக இருந்தது. நிழல் சரியாக இருந்தது. கண்ணில் வெள்ளைக் கட்டம் அதே இடத்தில் விழுந்தது. ஆனாலும் தாளில் வந்தது வேறு எவனோ. அந்தப் படகோட்டியின் தழும்புகள் அவனோடு சேர்ந்து வளர்ந்தவை போல இருந்தன. இவனுடையவை யாரோ கொட்டிவிட்டுப் போனவை போல இருந்தன. தலையைச் சாய்த்துப் பார்த்தான், நிமிர்த்திப் பார்த்தான், கழுத்தில் கறுப்புக் கயிறுகூடக் கட்டிப் பார்த்தான்.

பிளேட் கிடைக்காத காலம். படக் கண்ணாடியும் கிடைக்காத காலம். தோற்றுப்போன பிளேட்டுகளை வெந்நீரில் ஊறவைத்து, மேலே இருக்கும் மருந்தைச் சுரண்டிவிட்டு, சின்னச் சாமி படங்களுக்குக் கண்ணாடியாகப் போட்டுவிடுவான். கல்லங்குறிச்சித் தேர்த் திருவிழாவில் அவை விற்றுப்போகும். அவன் முகம் இருந்த கண்ணாடிகளுக்குப் பின்னால் முருகனும் லட்சுமியும் உட்கார்ந்துகொண்டு எத்தனையோ வீடுகளுக்குப் போனார்கள்.

யுத்தம் முற்ற முற்ற, உயிரோடு இருப்பவர்களும் வரத் தொடங்கினார்கள். பட்டாளத்துக்குப் போகும் பையன்களைப் பெற்றவர்கள் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பிறகு கல்யாணத்துக்குப் பெண் படம் அனுப்பும் பழக்கம் வசதியுள்ள வீடுகளில் பரவியது. மாநிறத்தைச் சிவப்பாக்குவான், மாறுகண்ணை நேராக்குவான் என்று அங்கமுத்துவுக்குப் பேர் ஏற்பட்டது.

அந்தப் பேரைக் கேட்டுத்தான் இராமலிங்கம் வந்தார். உடையார்பாளையம் பக்கத்தில் நிலபுலம் உள்ளவர். கூண்டு வண்டியில் மகள் கமலவேணியையும் மனைவி ரெங்கம்மாளையும் அழைத்து வந்திருந்தார். கமலவேணிக்குக் கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தது. முந்தானையால் பாதி முகத்தை மூடியிருந்தாள். அதை எடுத்ததும் காரணம் தெரிந்தது. இரண்டு கன்னத்திலும் தழும்பு.

"மாப்புள வூடு கும்பகோணத்துல. படம் கேக்குறாங்க" என்றார் இராமலிங்கம். அவனுடைய முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "இது தெரியக் கூடாது. ஒன்னால ஆவுமா?"

"ஆவுங்க."

அவளை ஜன்னலுக்கு நேராக உட்கார வைத்தான். வெள்ளைத் துணிச் சட்டத்தைக் கிட்டத்தில் நிறுத்தினான். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு குமிழை அழுத்தினான். பென்சிலையும் தாராளமாக ஓட்டினான். ஒரு வாரம் கழித்து வந்து வாங்கியபோது இராமலிங்கத்துக்குப் பரம திருப்தி. கமலவேணி எட்டிப் பார்த்தாள்.

"யாரும்மா இது?" என்று அம்மாவிடம் கேட்டாள். வேடிக்கையாகக் கேட்டாளா, வருத்தமாகக் கேட்டாளா என்று அங்கமுத்துவுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவனோடு தங்கிவிட்டது.

நடக்கக் கூடியதே நடந்தது. படத்தைப் பார்த்துக் கும்பகோணத்துக்காரர்கள் வந்தார்கள். பெண்ணை நேரில் பார்த்தார்கள். பஜ்ஜியைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள். மறுநாள் இராமலிங்கம் கடை வாசலில் நின்று கத்தினார்.

"ஏமாத்துக்காரங்கன்னு எங்க வூட்டு வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போறான். எல்லாம் ஒம் படத்தால!"

தெரியக் கூடாது என்று கேட்டது நீங்கள்தானே என்று அங்கமுத்து சொல்லியிருக்கலாம். தலை குனிந்து நின்றான். செல்லக்கண்ணு உள்ளேயிருந்து வந்து, "போயிட்டு வாங்க, பேசிக்கலாம்" என்று அவரை அனுப்பி வைத்தார். அன்று அங்கமுத்து ஓட்டலுக்குப் போகவில்லை. அந்த வீட்டில் அவள் எந்த மூலையில் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துப் பார்த்தான். அவனுக்கு அது நன்றாகத் தெரிந்த மூலையாக இருந்தது.

அடுத்த பங்குனியில் கல்லங்குறிச்சித் தேருக்கு வந்த கூட்டம் அரியலூர்த் தெருக்களில் நிறைந்திருந்தது. கடைக்குள் ரெங்கம்மாள் நுழைந்தாள். பின்னாலேயே கமலவேணி.

"தம்பி, இவ அப்பாவுக்குத் தெரியாது. தேருக்குன்னு சொல்லிட்டு வந்தோம்" என்றாள் ரெங்கம்மாள். "இன்னொரு படம் எடுக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

"எப்படி எடுக்கணுங்க?"

கமலவேணியே பதில் சொன்னாள். "இருக்கறபடிக்கி எடுங்க. வர்றவங்க படத்தப் பாத்துட்டு வரட்டும். வேண்டாம்னா அங்கேருந்தே வேண்டாம்னு சொல்லட்டும். வூடு வரைக்கும் வந்து எழுந்துபோனா எங்கம்மா நாலு நாளு சாப்புட மாட்டேங்குது."

அறையில் வெள்ளைத் துணிச் சட்டத்தை எடுத்து மூலையில் வைத்தான். முக்காலியைப் பக்கவாட்டில் திருப்பினான். படகோட்டியின் வெளிச்சம். அதைத் தவிர வேறு எதுவும் அவனுக்குத் தோன்றவில்லை. அவள் உட்கார்ந்தாள். அவன் கறுப்புத் துணிக்குள் புகுந்தான். கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் தலைகீழாக அவள் முகம் தெரிந்தது. வெளிச்சம் சரியாக இருந்தது. முகம் மட்டும் இறுகிப்போயிருந்தது. தன் பிளேட்டுகளில் பார்த்துப் பார்த்து அலுத்த அதே இறுக்கம்.

"கொஞ்சம் சாதாரணமா இருங்க" என்றான் துணிக்குள்ளிருந்து.

"எப்படி இருக்கறது? நீங்க அதுக்குள்ள போயி ஒளிஞ்சிக்கிட்டீங்க. நான் யாரப் பாக்கறது?"

அவன் துணியை விலக்கினான். பிறகு வெளியே வந்தான். கேமராவில்தான் குறி பார்த்தாகிவிட்டதே, இனி உள்ளே இருக்க வேண்டியதே இல்லை என்பது அதுவரை அவனுக்குத் தோன்றியதில்லை. ரப்பர்க் குமிழைக் கையில் எடுத்துக்கொண்டு கேமராவுக்குப் பக்கத்தில் நின்றான். ஜன்னல் வெளிச்சம் அவன் முகத்திலும் விழுந்தது. குனியவில்லை. அவள் அவனைப் பார்த்தாள். தோளுக்குப் பின்னால் இருக்கும் சுவரை அல்ல, அவனை. நெற்றியிலிருந்து கன்னம் வரை நிதானமாகப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போயிற்று.

குமிழை அழுத்தினான்.

"உங்களுக்கு எந்த வயசுல வந்துச்சு?" என்று கேட்டாள், அவன் பிளேட்டை மூடும்போது.

"சின்ன வயசுலங்க. எங்கம்மாவுக்கும் வந்துச்சு. அவங்க போயிட்டாங்க."

"எனக்கு வந்தப்ப எந் தம்பிக்கும் வந்துச்சு" என்றாள். ரெங்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியே தேர்க்கூட்டத்தின் இரைச்சல் கேட்டது.

சுவரில் ஒட்டியிருந்த தாள்களைக் கமலவேணி பார்த்தாள். படகோட்டியிடம் நின்றாள். அவன் அதைப் பற்றிச் சொன்னான். அருமைநாயகம், எண்ணூர், ஜன்னல், தன்னை வைத்து எடுத்துப் பார்த்தது, வராமல் போனது. வருஷங்களாக யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னான். தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது.

"அந்தப் படகோட்டி, தன்ன எடுத்தவரத்தான பாத்துக்கிட்டு இருந்திருப்பாரு?" என்றாள். "உங்களுக்கு எதுத்தாப்புல யாரு இருந்தா?"

"யாரும் இல்லீங்க."

"உக்காருங்க. நான் அழுத்துறேன்."

ரெங்கம்மாள், "ஏண்டி, அவரு வேல கெடக்கு" என்றாள். ஆனால் தடுக்கவில்லை. அவனிடம் இன்னும் ஒரே ஒரு பிளேட் இருந்தது. அதை மாட்டிவிட்டு உட்கார்ந்தான். கமலவேணி கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு கையாலும் குமிழைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். "ஆடாதீங்க" என்றாள், பெரிய போட்டோக்காரரைப் போல. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவர்கள் போன பிறகு இரண்டு பிளேட்டையும் கழுவிப் பிரிண்ட் போட்டான். அவளுடையது அற்புதமாக வந்திருந்தது. கண்ணில் வெள்ளைக் கட்டம், அதற்குள் கறுப்பாக ஒரு துளி, அது அவன் நின்ற நிழல். தழும்புகள் அவளுடையவையாகவே இருந்தன. அவனுடைய பிளேட்டில் தோளும் சட்டையும் தெளிவாக இருந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கலங்கல். சிரித்தபோது ஆடியிருக்கிறான். அதையும் வெந்நீரில் போடலாமா என்று கையில் வைத்துப் பார்த்தான். அந்த முறை போடவில்லை.

பிரிண்டை வாங்க ரெங்கம்மாள் மட்டும் வண்டிக்காரனோடு வந்தாள். படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "எம்மக" என்றாள். பிறகு, "தம்பிக்கு வூட்டுல யாரும் இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றான். அவள் மேலே ஏதோ கேட்க வந்து நிறுத்திக்கொண்டாள். அவர்களுடைய சாதி என்ன, தன்னுடையது என்ன, அவர்களுக்கு நிலம் எவ்வளவு என்பதெல்லாம் அவனுக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சித்திரை முழுக்க, கடை வாசலில் கூண்டு வண்டியின் மணிச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்த்தான்.

வண்டி வந்தது ஆவணியில். இராமலிங்கமே வந்திருந்தார். பழைய சண்டையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

"மகளுக்குக் கல்யாணம். வேப்பந்தட்டையில மாப்புள, பள்ளிக்கூடத்து வாத்தியாரு, செல்லதுரைன்னு பேரு. ரெண்டாந்தாரம்தான். ஆனா படத்தப் பாத்துட்டு, இந்தப் பொண்ணுதான்னு ஒத்த வார்த்தையில முடிச்சிட்டாரு" என்றார். "நீதான் வந்து எடுக்கணும்னு கமலவேணி சொல்லிச்சு."

"வர்றேங்க" என்றான் அங்கமுத்து.

தன் கையால் எடுத்ததிலேயே நல்ல படம் அவளை வேப்பந்தட்டைக்கு அனுப்பிவிட்டது. அவனுக்கு அதில் வருத்தம் இருந்தது. பெருமையும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அவனால் முடியவில்லை.

கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில். பெரம்பலூரில் இறங்கி வேறு பஸ் மாறிப் போனான். மேற்கே மலைகள் நீலமாக நின்றன. தாலி கட்டி முடிந்ததும் மணமக்களைக் கிழக்குப் பார்த்த தாழ்வாரத்தில் உட்கார வைத்தான். செல்லதுரை நல்ல மனுஷன் என்று பார்த்ததும் தெரிந்தது. ஆனால் கேமராவைக் கண்டு விறைத்துப்போய், லென்ஸையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"பொட்டியப் பாக்காதீங்க" என்று கமலவேணி மெதுவாகச் சொன்னாள். "அவரப் பாருங்க."

இருவரும் அங்கமுத்துவைப் பார்த்தார்கள். அவன் கேமராவுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்று எடுத்தான்.

புறப்படும் முன் துணியில் சுற்றிய ஒன்றை ரெங்கம்மாளிடம் கொடுத்து, மகளிடம் சேர்க்கச் சொன்னான். தேரன்று எடுத்த அவளுடைய பிளேட்.

"நீயே வெச்சிக்கலாமே தம்பி?"

"அவங்ககிட்ட இருந்தா எப்ப வேணும்னாலும் பிரிண்ட் போட்டுக்கலாங்க. எங்கிட்ட எதுக்கு?"

மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்து சாப்பிட்டான். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் தங்களுக்குள் நெல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் பக்கத்து இடம் அரியலூர் வரை காலியாகவே வந்தது. கேமராவை அதில் வைத்துக்கொண்டான்.

"கல்யாணம் எப்புடி?" என்றார் செல்லக்கண்ணு.

"நல்லா நடந்துச்சுங்க."

"பலகாரம்?"

"நல்லா இருந்துச்சு."

சுதந்திரம் வந்த மறு வருஷம் செல்லக்கண்ணு கடையை மூடிவிட்டுத் திருச்சியில் மகளோடு போய் இருந்துவிட்டார். அங்கமுத்து ஸ்டேஷன் ரோட்டில் சொந்தமாக ஸ்டூடியோ போட்டான். கறுப்புத் துணிக்குள் குறி பார்த்ததும் வெளியே வந்துவிடுவான். ஒரு வழக்கமும் ஏற்படுத்திக்கொண்டான். படமெடுக்க வருகிறவர்களை, பிடித்தமான யாரையாவது கூட்டிக்கொண்டு வரச் சொல்வான். அவர்களைக் கேமராவுக்குப் பக்கத்தில் நிறுத்துவான். புருஷன் மனைவியைப் பார்க்க, தாய் மகனைப் பார்க்க, அந்த நேரத்தில் குமிழை அழுத்துவான். அரும்பாவூரிலிருந்தெல்லாம் ஆட்கள் பஸ் பிடித்து வந்தார்கள். வாடிப்போன மூஞ்சியும் இந்தக் கடையில் அழகாக விழுகிறது என்று சொல்லிக்கொண்டார்கள். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், நேரம் இல்லை என்பான்.

ஒரு மழை நாளில் ரயில் பாதை வேலைக்காரர் ஒருவர் வந்தார். வயதானவர், நனைந்த தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெறப் போவதால் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள ஆசை என்றார்.

"கூட யாரும் வந்திருக்காங்களா?"

"யாரும் இல்லீங்களே. கூட்டிக்கிட்டு வரணுமா?" பெரியவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"இல்ல, உக்காருங்க. தலையத் தொவட்டிக்குங்க" என்று துண்டை எடுத்துக் கொடுத்தான் அங்கமுத்து. அவர் துவட்டி முடிக்கும் வரை காத்திருந்தான். மழையில் வெளிச்சம் குறைவாக இருந்ததால் இங்கும் ஜன்னலில் கட்டியிருந்த கோணிப்பையை முழுக்கக் கழற்றினான்.

"எங்க பாக்கணும் தம்பி?"

"என்னப் பாருங்க. எந்த ஊரு உங்களுக்கு?"

பெரியவர் சொல்லத் தொடங்கினார். அங்கமுத்து அவசரப்படாமல் கேட்டுக்கொண்டு நின்றான்.